தண்ணிமலைக்குப் போகும் முன்

முதல் நாள், பள்ளத்தூர்

பல்லவன் ரயில் காரைக்குடி வந்து சேர இரவு பத்து மணி தாண்டிவிட்டது. அங்கிருந்து காரில் பள்ளத்தூர். அப்பத்தா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆடி மாதம் என்பதால் கும்மாயம் கிண்டி வைத்திருந்தாள். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, கை நிறைய நெய். கரண்டியை எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். என் மகள் தூக்கக் கலக்கத்திலும் ரெண்டு உருண்டை சாப்பிட்டாள்.

இந்த ஐந்து நாள் லீவு எதற்கென்று சொல்லிவிடுகிறேன். வருகிற தை மாதம் குடும்பமாக ஒரு கடற்கரை ஊருக்குப் போக வேண்டும் என்று போன வருஷமே பேசிவைத்தோம். மகளுக்குக் கடல் வேண்டும். வீட்டுக்காரருக்கு அப்பத்தாவை ஒரு தடவையாவது விமானத்தில் கூட்டிப்போக வேண்டும். விசாகப்பட்டினம், கொச்சி, மலேசியாவில் இருக்கும் பினாங்கு என்று மூன்று பெயர்கள் இருந்தன. வழக்கமாகச் சென்னையில் இருந்தபடி நாங்களே முடிவு செய்து, "பையை எடுத்து வை அப்பத்தா" என்று போனில் சொல்வோம். இந்தத் தடவை அது வேண்டாம், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் திட்டம் போட வேண்டும் என்று வந்திருக்கிறோம்.

மூன்று ஊரையும் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"தண்ணிமலை."

பினாங்கு என்றுகூடச் சொல்லவில்லை. இங்கே வயதானவர்கள் வாயில் அந்த ஊருக்கு அதுதான் பெயர். நாட்டுக்கோட்டை நகரத்தார், அதாவது செட்டியார்கள், 1857இல் அங்கே தண்டாயுதபாணிக்குக் கட்டிய கோயில் இருக்கும் இடம் தண்ணீர்மலை. பக்கத்தில் அருவி இருப்பதால் வந்த பெயர். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கடல் தாண்டியிருக்கும் ஊர் இங்கே ரேஷன் கார்டில் இருக்கிறது.

நாங்கள் செட்டியார் வீட்டுக்காரர்கள் இல்லை. அப்பத்தாவின் அய்யா, என் பூட்டனார், பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைக் கூடத்தில், சமையலுக்குப் போனவர். அவர் பார்த்த ஊரை அவருடைய மகள் பார்க்கவில்லை. சரி, விசாகப்பட்டினமும் கொச்சியும் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டன.

இரண்டாம் நாள், பெட்டி

காலையில் முதல் வேலை பாஸ்போர்ட்டுக்கான காகிதங்கள். அப்பத்தாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. பெரியவர்களைக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள் டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். அவளுடைய ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. ஆதாரும் வாக்காளர் அட்டையும் ஒத்துப்போயின. அந்த இரண்டையும் மட்டும் எடுத்து வைத்தோம்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்து இனிஷியல் எடுபடாது, விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். டிக்கெட்டிலும் அதே பெயர் அதே வரிசையில் வர வேண்டும். விண்ணப்பத்தில் அப்பா பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. "எங்க அய்யா பேரையா கேக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் தட்டச்சு செய்வதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

கட்டணம் 1,500 ரூபாய். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து சதவீதம் குறைவு. எங்கள் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். அடுத்த செவ்வாய்க்கு அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது.

மத்தியானம் அவளே பரணில் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். பச்சைப் பெயிண்ட், மூடியில் வெள்ளையில் அய்யாவின் பெயரும் 'நாகப்பட்டினம் – பினாங்கு' என்பதும். அந்தக் காலத்தில் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போகும். மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போன சனங்களில் அவரும் ஒருவர். உள்ளே எனாமல் பூசிய ஒரு மங்குத் தூக்கு, அடியில் கொஞ்சம் நீலம் பெயர்ந்திருக்கிறது. ஒரு கம்பளிச் சால்வை. அப்புறம் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டு பண நோட்டு.

அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பத்து டாலர். ஒரு பக்கத்தில் குலை தள்ளிய வாழைமரம், ஓரமெல்லாம் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, மேலே ஜப்பானிய அரசாங்கம் என்று ஆங்கிலத்தில். 1941 டிசம்பரில் ஜப்பான் படை பினாங்கைப் பிடித்தது. 1945 செப்டம்பரில்தான் வெள்ளைக்காரன் திரும்ப வந்தான். நடுவில் அச்சடித்த இந்த வாழைமர நோட்டு அதற்குப் பிறகு வெறும் காகிதம். மூன்றே முக்கால் வருஷம் அடுப்படியில் நின்று சம்பாதித்தது மொத்தமும் இந்தக் கட்டுக்குள் இருந்தது. அவர் அதைத் தூக்கிப் போடவும் இல்லை.

"எனக்கும் அண்ணனுக்கும் ஏழு வயசு வித்தியாசம் ஆத்தா. நடுவுல ஜப்பான்காரன் சண்டை" என்றாள் அப்பத்தா. கப்பல் திரும்ப ஓட ஆரம்பித்து 1946இல் அவர் வந்தார். 1947இல் இவள் பிறந்தாள்.

இனி பினாங்கில் எங்கே போவது என்பதை இந்தப் பெட்டிதான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு பயண ஏஜெண்ட் ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் அனுப்பியிருந்தார்: ஐந்து ராத்திரியில் நாலு ஊர், தினமும் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், பினாங்குக்கு ஒன்றரை நாள். 78 வயது அம்மா வருகிறார் என்று இரண்டு தடவை சொல்லியும் அதே தாள்தான் வந்தது. இந்த பேக்கேஜ் வேண்டாம் என்று அவருக்கு எழுதிப் போட்டேன்.

மூன்றாம் நாள், கானாடுகாத்தான்

பூட்டனார் வேலை பார்த்த கிட்டங்கி எந்தத் தெருவில் இருந்தது என்று அப்பத்தாவுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்து ஆச்சி ஒருவர் கானாடுகாத்தானில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனோம்.

போகும்போது மகளுக்காக ஆத்தங்குடிக்குச் சுற்றிப்போய்த் தரைக்கல் போடும் இடத்தில் நின்றோம். கண்ணாடிப் பலகை மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, சாயம் கலந்த சிமெண்ட்டை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சட்டத்தை எடுத்ததும் பூ நிற்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதன் மேல் காரை. மறுநாள் தண்ணீர்த் தொட்டி. சூளையே கிடையாது, கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பு. அங்கிருந்து அவளைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆச்சி வீட்டில் முகப்பு தாண்டி வளவு எனும் உள்முற்றம் வரைக்கும் திறந்திருக்கிறது. இரண்டாம் கட்டுக்கு அப்பால் பூட்டு. பங்காளிகள் பல ஊரில். பட்டாலையில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூணை என் மகள் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், அவள் கைகள் சேரவில்லை. இந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் தூணையும் பெல்ஜியம் கண்ணாடியையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதற்கான பணம் எந்தக் கடலோரத்தில், எவர் எவர் தூங்காமல் உழைத்து வந்தது என்பதையும் கேட்டுவிட்டுப் போனால் நல்லது.

ஆச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் தெளிவு.

"பினாங்குத் தெரு. கிட்டங்கி எல்லாம் அங்கதான். ஒங்க பூட்டன் சமைச்சது எங்க மாமனாருக்கு மட்டுமில்ல, அந்தக் கிட்டங்கியில இருந்த அத்தனை கடைக்காரவுகளுக்கும்."

கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். அதில் வரிசையாகப் பல பேருடைய கடை. கடை என்றால் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, பேரேடு, கீழே பாய். பகலில் அங்கேயே கணக்கு, ராத்திரி அங்கேயே தூக்கம். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாகி மேலாளாகிறவர்கள் உண்டு. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வரலாம். பின்கட்டில் சமையல். ஆச்சி இதை எல்லாம் மாமனார் வாயால் கேட்டதாகச் சொன்னார். "நாங்க பொம்பளைக எங்க பாத்தோம்? போட்டோவுலதான்."

அப்பத்தா அதைக் கேட்டுக்கொண்டே ஆச்சியின் கையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேருமே ஒரே தெருவுக்காகக் காத்திருந்து வளர்ந்தவர்கள். ஒருத்தி மாளிகையில், ஒருத்தி அதற்குப் பின்னால் ஓட்டு வீட்டில்.

கிளம்பும்போது ஆச்சி ஒன்று சொன்னார். "தைப்பூசத்துக்குப் போங்க. வெள்ளித் தேரு நம்ம ஊருல செஞ்சது." உண்மைதான். பினாங்கில் தைப்பூசத்துக்கு ஓடும் வெள்ளித் தேர் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் போனது. பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து முருகனை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைக்குக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் கூடை கூடையாக உடைப்பார்கள்.

இதனால் என் தேதிக் கணக்கு மொத்தமும் மாறியது. கூட்டம் இல்லாத வாரமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். ராத்திரி வீட்டுக்காரரோடு வெகுநேரம் பேச்சு. பூசத்துக்கு லட்சக்கணக்கில் ஆள் கூடும், தெருக்களை மறிப்பார்கள், அப்பத்தா முழங்கால் வலியோடு எப்படி? கடைசியில் அவர்தான் சொன்னார்: தேரைத் தேடி நாம் போக வேண்டாம், தேர் புறப்படும் தெருப் பக்கத்தில் ரூம் போட்டு, வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் தேர் தானாக வருமே என்று. சரி என்று தூங்கப் போனேன்.

நான்காம் நாள், தொண்டி

இன்று ஒத்திகை. அப்பத்தாவால் எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும், எத்தனை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் வேண்டும் என்பதை ஊகத்தில் வைத்துத் திட்டம் போடக் கூடாது. அதனால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குக் காரில் கிளம்பினோம். செட்டிநாட்டிலிருந்து கடல் பார்க்கப் பக்கமான ஊர்களில் ஒன்று. பாண்டியர் காலத்துத் துறைமுகம். இப்போது மீன்பிடி வள்ளங்கள் நிற்கின்றன.

தேவகோட்டை தாண்டியதுமே அப்பத்தா காலை மாற்றி மாற்றி வைத்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். திருவாடானையில் நிறுத்தினோம். இறங்கி நிற்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தாள். முழங்கால் மடங்கியே இருந்தால் இறுகிவிடுகிறது, நடந்தால் சரியாகிறது. இதை எந்த டாக்டர் சீட்டிலும் நான் படித்ததில்லை.

தொண்டியில் கடல் குளம் மாதிரி கிடந்தது. பாக் நீரிணைப் பக்கம் அலை கம்மி. ராமேஸ்வரத்துக்காரர்கள் இதைப் பெண்கடல் என்பார்கள். மகள் மணலில் ஓடினாள். அப்பத்தா இருபது அடி நடந்ததும் செருப்பு மணலில் புதைந்து தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து கெட்டித் தரையில் ஒரு படகின் நிழலில் உட்கார வைத்தோம். அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சொல்லவே தோன்றவில்லை.

"இதுக்கு நேரா போனா வருமா?"

"இலங்கை வரும் அப்பத்தா. அதையும் தாண்டி வங்கக் கடல் முழுக்கப் போகணும்."

"எத்தனை நாளு?"

"கப்பல்ல பல நாளு. பிளேன்ல நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரந்தானா" என்றாள். திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா பன்னிரண்டு வருஷம் அந்தத் தண்ணீரைத் தாண்டி வரும் கடிதாசிக்காகவே இருந்தவள். இந்தக் கணக்கு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒத்திகையில் தெரிந்தவற்றை நோட்டில் எழுதிவைத்தேன். கார்ப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. மணல் வேண்டாம், கடலோரம் என்றால் கல் பாவிய நடைபாதையும் பெஞ்சும் இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே இடம்.

ஐந்தாம் நாள், நோட்டுப் புத்தகம்

காலையில் மழை மூட்டம். வளவில் பாய் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தோம். அப்படியே எழுதுகிறேன், இந்தப் பக்கத்திலிருந்து பெரியவர்களோடு போகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் எந்த விமானம். காரைக்குடிக்காரர்கள் மலேசியா என்றால் திருச்சிதான் என்பார்கள். இரண்டு மணி நேரத்தில் விமான நிலையம், அங்கிருந்து கோலாலம்பூர். ஆனால் பினாங்கு போக அங்கே இறங்கி இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாலு மணி நேர ரயிலில் பட்டர்வொர்த் போய்ப் படகு ஏற வேண்டும். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமே இருக்கிறது. அதனால் அப்பத்தா பல்லவனில் வரட்டும். ரயிலில் எழுந்து நடக்கலாம், அவள் காலுக்கு அதுதான் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு விமானம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட வேண்டும், அதற்குத் தனிக் காசு இல்லை.

விசாவைப் பொறுத்தவரை 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை அங்கே விசா தேவையில்லை. டிக்கெட் போடும் அன்று இந்தச் சலுகை தொடர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும்.

மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எந்த நேரத்துக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மருந்துச் சீட்டு கைப்பையில்.

தங்குவது ஜார்ஜ் டவுன் பழைய ஊருக்குள், பினாங்குத் தெருவுக்கு நடக்கிற தூரத்தில், லிஃப்ட் உள்ள இடம். அழகான பழைய வீடுகளை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள், படத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் மரப்படி. வேண்டாம். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. ஜன்னலைத் திறந்தாலே பார்க்க நிறைய இருக்கும்.

ஆறு ராத்திரி. போய்ச் சேரும் நாள் ஓய்வு மட்டும். மறுநாள் காலையில் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. அப்படியே பினாங்குத் தெரு, கிட்டங்கி இருந்த பக்கம். அன்றைக்கு வேறெதுவும் இல்லை. மூன்றாம் நாள் தேர். பூசத்தன்று வெளியே போகவில்லை. மறுநாள் தண்ணீர்மலை. மலை மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி, அது வீட்டுக்காரருக்கும் மகளுக்கும். அப்பத்தாவுக்கு வேண்டிய நகரத்தார் கோயில் ரோட்டோரமே இருக்கிறது. பிறகு ஒரு நாள் பினாங்கு மலைக்கு ரயில். 1923இலிருந்து ஓடுகிறது, இப்போது வண்டி புதுசு. உட்கார்ந்தபடியே மேலே போய்க் கடலையும் பாலத்தையும் ஊரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

கடலுக்கு நான் எழுதியிருப்பது இரண்டு. கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கத்துக் கடலோர நடைபாதை, சாயங்காலம் எந்த நாளும். அப்புறம் பட்டர்வொர்த்துக்குப் போய்வரும் படகு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் மணல் அழகு என்கிறார்கள், அது மகளுக்கும் அப்பாவுக்கும் ஒரு பகல். கடல் மேல் கட்டைக் கால்களில் நிற்கும் சீனர்களின் வீட்டுத் துறைகளும் அவர்கள் கணக்கிலேயே. கெக் லோக் சி புத்தர் கோயிலை மனசில்லாமல் அடித்தேன், படிகள் அதிகம்.

"சாப்பாடு?" என்றாள் அப்பத்தா. அங்கே தமிழ்க் கடைகள் இருக்கின்றன, இட்லிக்குக் கவலை இல்லை என்றேன். நாசி கந்தர் பற்றியும் சொன்னேன். நம் தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் தொங்கவிட்டு விற்றது. அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "எங்க அய்யா அதைச் சொல்லும். கொழம்ப எல்லாம் ஒண்ணா ஊத்துவான், ஆனா ருசின்னும்" என்றாள். 78 வயதில் அவள் வாயிலிருந்து இது வருமென்று நான் நினைக்கவில்லை. நோட்டில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

செலவுக்கு எத்தனை வெள்ளி மாற்ற வேண்டும் என்று கேட்டாள். ரிங்கிட் என்று நாங்கள் சொன்னதை அவள் ஏற்கவில்லை, அவளுக்கு அது வெள்ளிதான்.

மத்தியானம் தென்னையிலிருந்து காய் பறிக்க ஆள் வந்தார். தேர் முன்னால் உடைக்க நம் மரத்துக் காய் ஒன்று கொண்டுபோகலாமா என்று அப்பத்தா கேட்டாள். விமானத்தில் தேங்காய்க்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியிலிருந்து அந்த மங்குத் தூக்கை எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயில் படும் இடத்தில் கவிழ்த்து வைத்தாள். அது வரும். கனமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதுரையில் பத்தே காலுக்கு அப்பாயின்ட்மென்ட். பக்கத்து வீட்டுக் கார்க்காரத் தம்பியிடம் அஞ்சு மணிக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறாள்.